எங்க அலமேலு போடுற நாடகம்: எது நடிப்பு, எது நிஜ வலி?

ஸ்ரீரங்கம் வித்யா | வெள்ளி, காலை 10.15

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல அலமேலுன்னு ஒரு பூனை இருக்கா. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை மூணும் கலந்த முக்கலர்க்காரி. ஒரு ஐப்பசி மழையில மாடிப்படிக்கு அடியில நனைஞ்சு கத்திட்டு இருந்த குட்டி. இப்ப வீட்டுக்கே எஜமானி.

அவ பண்ற அலப்பறை கொஞ்சநஞ்சம் இல்ல. நேத்து என் பையன் நாற்காலியை இழுத்தப்போ அவ முன்னங்கால்ல லேசா உரசிடுச்சு. அவ்வளவுதான். கூடத்துல இருந்து வாசல் வரைக்கும் நொண்டி நொண்டிப் போய், நடுவாசல்ல சரிஞ்சு படுத்துட்டா. பதறிப்போய்த் தூக்கிட்டு வந்து காலைத் தடவி, நெத்திலி ரெண்டு கொடுத்து, பையன் மன்னிப்புக் கேட்டு எல்லாம் ஆச்சு. நெத்திலியைத் தின்னுட்டு இறங்கி மறுபடி நொண்டினா. இந்த தடவை இன்னொரு கால்!

காலையில ஏழு மணிக்கு எங்க வீட்ல டிபன். ஏழரைக்கு எதிர்வீட்டு வாசல்ல போய் உட்கார்ந்து, ஈனஸ்வரத்துல ஒரு குரல். ஒருநாள் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, வாயில்லா ஜீவன், அதுக்கு ஒரு வாய் சோறு போடக்கூடாதா?"ன்னு கேட்டாங்க. அவங்க பல மாசமா அவளுக்கு ரெண்டாவது டிபன் போட்டுட்டு இருக்காங்க.

சிரிச்சு மாளல. ஆனா ஒரு பயமும் இருக்கு. அவளுக்கு வயசு எட்டு முடிஞ்சுது. இத்தனை நடிக்கிறவளுக்கு நிஜமாவே ஏதாவது ஒண்ணுன்னா நான் எப்படித் தெரிஞ்சுக்குவேன்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மடிப்பாக்கம் குமார் | வெள்ளி, காலை 11.02

வித்யா மேடம், உங்க அலமேலுவுக்கு ஏத்த ஜோடி எங்க லட்டு. செம்பட்டைக் கடுவன். விடியக்காலை நாலரைக்கு நெஞ்சு மேல ஏறி நிப்பான். கண்ணைத் திறக்கலேன்னா கண்ணிமை மேல பாதத்தை வைப்பான், நகம் இல்லாம, மெத்துன்னு. அதுக்கும் மசியலேன்னா பிரிட்ஜ் மேல ஏறி எவர்சில்வர் டம்ளரை ஒவ்வொண்ணாத் தள்ளுவான். ஒண்ணைத் தள்ளிட்டு என் முகத்தைப் பார்ப்பான். நான் எழுந்திரிக்கலேன்னா அடுத்தது.

சாப்பாட்டு நேரத்துல பின்னங்கால்ல நின்னு, முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக்கிட்டு அடுப்படி வாசல்ல நிப்பான் பாருங்க, மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுப் பாறையில தவம் பண்ற பூனை மாதிரியே இருக்கும். அந்தப் பூனையைச் சுத்தி எலிங்க கும்பிட்டுட்டு நிக்கும். 1300 வருஷத்துக்கு முன்னாடியே அந்தப் பல்லவச் சிற்பி வீட்ல கண்டிப்பா ஒரு பூனை வளர்ந்திருக்கணும், இல்லேன்னா அந்த முகத்தை அப்படிச் செதுக்கியிருக்க முடியாது.

யாழ் நிலா | வெள்ளி, மதியம் 1.40

வாசிச்சுச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது. எங்கட வீட்டிலயும் ஒரு ஆள் இருக்கிறார், பேர் துரை. நான் கொழும்புக்குப் போயிட்டு வந்தா என்னோட கதைக்கவே மாட்டார். வாசல்ல என்ர சத்தம் கேட்டதும் ஓடி வருவார், நான்தான் எண்டு பார்த்து உறுதிப்படுத்துவார், பிறகு திரும்பி சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கூப்பிட்டா ஒரு காது மட்டும் என்ர பக்கம் திரும்பும். முகம் திரும்பாது. சூடை மீன் பொரிச்சு வச்சாலும் நான் அந்த இடத்தை விட்டுப் போனாப் பிறகுதான் சாப்பிடுவார். இரவு லைட் நிப்பாட்டினதும் மெல்ல வந்து காலடியில படுப்பார். காலையில எழும்பினா திரும்பவும் சுவர்.

அம்மம்மா சொல்லுவா, "அது உன்ன வெறுக்கேல்ல பிள்ளை, கணக்குத் தீர்க்குது" எண்டு.

ஈரோடு கால்நடை டாக்டர் | வெள்ளி, மாலை 6.30

வித்யா அம்மா கேட்ட கேள்வி முக்கியமானது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வளர்ந்த பூனைகள் ஒன்றோடொன்று பேச 'மியாவ்' என்று கத்துவது அபூர்வம். குட்டிகள் தாயைக் கூப்பிடக் கத்தும். வளர்ந்த பிறகு அந்தக் குரலைப் பெரும்பாலும் மனிதர்களிடம்தான் பயன்படுத்தும். எந்தக் குரலுக்கு நாம் எழுந்து போகிறோமோ அந்தக் குரலை அது வைத்துக்கொள்ளும். 2009-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்காம்ப் குழுவினர் பூனைகளின் 'கர்ர்' ஒலியைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். சாப்பாடு கேட்கும்போது வரும் கர்ருக்குள் உயர்ந்த சுருதியில் ஓர் அழுகுரல் ஒளிந்திருந்தது. பூனையே வளர்க்காதவர்களுக்குக்கூட அது அவசரமாகக் கேட்டது. எதிர்வீட்டு அக்கா ஏமாந்ததில் வியப்பில்லை. 2019-ல் ஜப்பானில் செய்த ஆய்வில், வீட்டுப் பூனைகளால் தங்கள் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்தறிய முடிகிறது என்று தெரிந்தது. கூப்பிட்டும் வரவில்லை என்றால், காதில் விழவில்லை என்று நினைக்க வேண்டாம்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். பூனை சின்ன வேட்டைக்காரன்; அதே சமயம் பெரிய மிருகங்களுக்கு இரை. பலவீனத்தை வெளியே காட்டினால் அதன் கதை முடிந்தது. அதனால் நிஜமான வலியை மறைக்கும். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் போய் ஒதுங்கும். தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தும். வலியிலும் 'கர்ர்' என்று சத்தம் வரும், அதனால் அதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். கூச்சல் போட்டு நொண்டுகிற பூனையைவிட, கூச்சலைத் திடீரென்று நிறுத்திய பூனைதான் என்னைக் கவலைப்படுத்தும்.

எட்டு வயது தாண்டிவிட்டது என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர், எடை பாருங்கள். எடையை வீட்டிலேயே பார்க்கலாம்: பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறி நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

மயிலாப்பூர் ராகவன் | வெள்ளி, இரவு 8.05

நன்றி டாக்டர். எங்காத்துல ஜானகின்னு ஒரு வெள்ளைப் பூனை. அசைவம் ஆத்துக்குள்ள வராது. தயிர்சாதம், பால், நெய்ச்சாதம்தான். ஷேமமா இருக்கா. நீங்கள்லாம் நெத்திலி, சூடைன்னு எழுதறேளே, அவசியமா?

கோவை ரேவதி | வெள்ளி, இரவு 8.31

ஏனுங்க ராகவன் அண்ணா, கோவிச்சுக்காதீங்க. பூனைக்குத் தயிர்சோறு வயித்தை நெப்புமுங்க, உடம்பைக் காக்காது. எங்க டாக்டர் எங்களுக்குச் சொன்னது: டாரின்னு ஒரு சத்து இருக்குதுங்க, அது கறி, மீன்லதான் இருக்குது. நாய் ஓரளவு தானே அதை உண்டாக்கிக்கும், பூனையால தேவையான அளவு முடியாது. அது குறைஞ்சா கண்ணு போயிரும், இருதயம் வீங்கிப்போயிரும்.

ஈரோடு கால்நடை டாக்டர் | வெள்ளி, இரவு 9.10

ரேவதி அம்மா சொன்னது சரி. டாரின் குறைவால் பூனைகளின் இதயத்தசை தளர்ந்து போகிறது என்பதை 1987-ல் அமெரிக்காவில் பால் பயான் (Paul Pion) என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகுதான் பூனைத் தீவன நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. ராகவன் ஐயா, வீட்டில் மீன் சமைக்க வேண்டாம். முழுச்சத்து என்று அச்சிட்ட பூனைத் தீவனம் பாக்கெட்டில் வருகிறது. பால்கனியில் தனித் தட்டு வைத்துக் கொடுங்கள். பாலும் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழிச்சல் வரும்.

மயிலாப்பூர் ராகவன் | வெள்ளி, இரவு 9.48

கண் போயிடும்னு படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுத்து. சாயந்தரம் ஜானகி தூண்ல முட்டிண்டு நின்னா, விளையாட்டுன்னு நினைச்சோம். நாளைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போறேன். ஆத்துக்காரி, "வெளித் திண்ணையில வெச்சுப் போடட்டும், நான் ஒண்ணும் சொல்லல"ன்னுட்டா.

சிங்கை செல்வம் | சனி, காலை 7.20

சிங்கப்பூர்லேர்ந்து எழுதறேன். இங்க வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்ல பூனை வளர்க்க 1989-லேர்ந்து தடை. நாங்க பல பேர் ஒளிச்சு வெச்சுத்தான் வளர்த்தோம். எங்க முத்துவுக்கு நாடகம்னா உயிரு, அதுவும் சன்னல்ல நின்னு முழுத் தொண்டையில. பக்கத்து வீட்டுக்காரர் லிப்டுல என்னைப் பார்க்கறப்பெல்லாம் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். புகார் போனா அவனைக் கொடுத்துடணுமேன்னு ராத்திரி தூக்கம் வராது. 2024 செப்டம்பர் 1-லேர்ந்து வீட்டுக்கு ரெண்டு பூனை வளர்க்கலாம்னு சட்டம் வந்துச்சு. உரிமம் எடுக்கணும், மைக்ரோசிப் போடணும், சன்னலுக்கு வலை அடிக்கணும். வலை அடிச்ச அன்னிக்கு முத்துவை சன்னல்ல உட்கார வெச்சு, "கத்துடா ராஜா, இஷ்டத்துக்குக் கத்து"ன்னு சொன்னேன். என் மனைவி அழுதுட்டாங்க.

ஊர்ல உள்ளவங்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெஞ்சு வெளியில விடாதீங்க. வண்டி, நாய், விஷம் வெச்ச எலி, எதுல வேணும்னாலும் போகும்.

மடிப்பாக்கம் குமார் | சனி, காலை 8.55

செல்வம் சார், இதுல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. மொட்டைமாடி, மதில், வேப்பமரம்னு சுத்தின உயிரைப் பிளாட்டுல அடைச்சா அது என்ன வாழ்க்கை? எங்க பாட்டி வீட்ல பூனைங்க ஊரெல்லாம் சுத்திட்டு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துதுங்க.

சிங்கை செல்வம் | சனி, காலை 9.15

திரும்பி வந்ததுங்களைத்தான் தம்பி உங்க பாட்டி எண்ணியிருப்பாங்க.

யாழ் நிலா | சனி, காலை 9.50

ரெண்டு பேரும் சண்டை பிடியாதேங்கோ. துரை பகல்ல வளவுக்குள்ள திரிவார், பொழுதுபட்டா உள்ள. ஆனா ஒண்டு, குடும்பக்கட்டுப்பாடு செய்து, விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டுத்தான் வெளியில விடவேணும். பூனை கடிச்சாலும் பிறாண்டினாலும் ஓடுற தண்ணியில சவுக்காரம் (சோப்பு) போட்டு 15 நிமிசம் கழுவிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். "எங்கட பூனைதானே" எண்டு சும்மா இருக்கக் கூடாது.

வேலூர் ஷாலினி | சனி, மதியம் 12.10

இழைக்குள்ள புதுசா வரேன். நான் மூணு மாசம் கர்ப்பமா இருக்கேன். எங்க பிங்கி என் வயித்துப் பக்கமா ஒட்டிப் படுத்துக்குது, யாரு கிட்ட வந்தாலும் உறுமுது. புகுந்த வீட்ல, "பூனை இருந்தா குழந்தைக்கு ஆகாது, கொண்டுபோய் மார்க்கெட்டுல விட்டுடு"ன்னு ஒரே பேச்சு. வீட்டுக்காரரும் இப்ப ஆடிப்போயிருக்கார். அது வீட்டை விட்டு ஒருநாளும் வெளிய போனதில்ல. மார்க்கெட்டுல அது எப்படிப் பொழைக்கும்? ராத்திரி எல்லாம் அழறேன்.

ஈரோடு கால்நடை டாக்டர் | சனி, மதியம் 12.45

ஷாலினி அம்மா, அழாதீர்கள். அவர்கள் பயப்படுவது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை. பயம் பொய்யில்லை. ஆனால் பூனையை விரட்டுவது அதற்கு வழியில்லை. முதல்முறை தொற்றும்போது பூனை சில வாரங்கள் மட்டுமே அதன் முட்டைகளை மலத்தில் வெளியேற்றும். அப்படி வெளியேறியதும் தொற்றுவதற்குக் குறைந்தது ஒருநாளாவது ஆகும். அதனால் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. அந்த வேலையை வீட்டுக்காரர் செய்யட்டும். பூனைக்குப் பச்சைக்கறி கொடுக்காதீர்கள். நீங்களும் சரியாக வேகாத கறி சாப்பிடாதீர்கள், காய்கறியை நன்றாகக் கழுவுங்கள், தோட்ட மண்ணைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். இந்தத் தொற்று பலருக்கு அந்த வழிகளில்தான் வருகிறது. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். நான் எழுதியதை உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள்.

கோவை ரேவதி | சனி, மதியம் 1.05

ஷாலினி கண்ணு, மாமியார்கிட்ட நான் வேணா போன்ல பேசறனுங்க. நெசமாத்தான் சொல்றேன்.

தேனி பாண்டி | சனி, இரவு 10.52

வணக்கம்ணே. எங்க வீட்டுக் கருப்பனும் நாடகக்காரன்தான். ஆனா இன்னைக்கு வேற மாதிரி இருக்கு. சாயங்காலத்துல இருந்து மணல் தட்டுல போய்ப் போய் உட்காருறான். முக்குறான், ஒண்ணும் வரல. உட்கார்ந்தபடி ஒரு மாதிரி அடித்தொண்டையில கத்துறான். எந்திரிச்சு வந்து அடியில நக்குறான், திரும்பப் போறான். மலச்சிக்கலா இருக்கும், விளக்கெண்ணெய் குடுன்னு அம்மா சொல்லுது. இதுவும் நாடகமாண்ணே?

மடிப்பாக்கம் குமார் | சனி, இரவு 10.58

பாண்டி, விளக்கெண்ணெய் எதுவும் கொடுக்காதீங்க! கடுவன்தானே? இது மூத்திர அடைப்பா இருக்கலாம். உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க.

ஈரோடு கால்நடை டாக்டர் | சனி, இரவு 11.03

பாண்டி, இது நாடகமில்லை. கிளம்புங்கள். ஆண் பூனையின் மூத்திரக்குழாய் மிகக் குறுகியது. படிகமோ சளியோ அடைத்துக்கொள்ளும். முழுதாக அடைத்துவிட்டால் சிறுநீரில் போகவேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பையே நிறுத்திவிடும். ஒன்றிரண்டு நாளுக்குள் உயிர் போய்விடும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், மூத்திரப்பை கிழியலாம். மனிதர்களுக்கான வலி மாத்திரை வேண்டாம். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். தெரிந்த கால்நடை மருத்துவர் எல்லாருக்கும் போன் போடுங்கள், எடுக்கவில்லை என்றால் மதுரைக்கு வண்டி எடுங்கள். என் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். வழியில் கூப்பிடுங்கள்.

தேனி பாண்டி | சனி, இரவு 11.09

கெளம்பிட்டேண்ணே. அண்ணன் வண்டி ஓட்டுறாப்ல. கூடையில வச்சு மடியில வச்சிருக்கேன். இப்பக் கத்துறதை நிறுத்திட்டான்.

யாழ் நிலா | சனி, இரவு 11.12

கடவுளே. பாண்டித் தம்பி, கவனமாப் போங்கோ. நான் நித்திரை கொள்ளேல்ல, முழிச்சிருக்கிறன்.

ஸ்ரீரங்கம் வித்யா | ஞாயிறு, காலை 5.40

பாண்டி, ஏதாவது தெரிஞ்சுதா? போனைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

தேனி பாண்டி | ஞாயிறு, காலை 8.25

இருக்காண்ணே, இருக்கான்! மதுரையில ஒரு டாக்டர் தூக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்து பார்த்தாங்க. மயக்க ஊசி போட்டு, மெல்லிசா ஒரு குழாயை விட்டு அடைப்பை எடுத்தாங்க. வந்த மூத்திரம் பூரா ரத்தம். பையி கல்லு கணக்கா இறுகிக் கெடந்துச்சாம், விடியும்வரை விட்டிருந்தா கஷ்டம்னாங்க. கையில டிரிப் ஏறுது. குழாயைத் தச்சு வச்சிருக்காங்க, கழுத்துல பிளாஸ்டிக் வளையம். எங்க அம்மாவை வீடியோவுல காட்டினேன். அது குரலைக் கேட்டதும் தலையைத் தூக்கிச் சின்னதா ஒரு சத்தம் போட்டான். அம்மா அங்க உட்கார்ந்து அழுகுது.

டாக்டர் ஐயா, நீங்க வழி பூரா லைன்லயே இருந்தீங்க. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஈரோடு கால்நடை டாக்டர் | ஞாயிறு, காலை 8.50

மகிழ்ச்சி பாண்டி. திரும்ப அடைக்க வாய்ப்பு உண்டு. முதல் சில வாரம் ஒவ்வொரு முறையும் எவ்வளவு போகிறான் என்று மணல் தட்டைப் பாருங்கள். உலர் தீவனத்தைக் குறைத்து ஈரத் தீவனம் கொடுங்கள், வீட்டில் மூன்று நான்கு இடத்தில் தண்ணீர் வையுங்கள்.

கோவை ரேவதி | ஞாயிறு, மதியம் 2.20

பாண்டி தம்பி கருப்பன் பொழச்சதுல மனசு குளுந்து போச்சுங்க. நேத்து ராத்திரி நானும் இங்கதான் இருந்தேன், எழுதத்தான் கை வரல. எங்க செல்லி போய் இன்னும் வருசம் திரும்பலைங்க. இது வரைக்கும் யாருகிட்டயும் முழுசாச் சொன்னதில்ல, இங்க சொல்றனுங்க.

செல்லிக்குப் பதினஞ்சு வயசு. சாம்பல் நிறம், ஒரு காது நுனி கிழிஞ்சிருக்கும். வீட்டுக்கு யாரு வந்தாலும் அவுங்க மடியில ஏறி, என்னைப் பார்த்து முறைச்சுட்டு, "இந்த வீட்ல என்னை யாரும் கவனிக்கறதில்ல"ன்னு புகார் சொல்ற மாதிரி ஒரு நீள ராகம் போடுவா. வந்தவங்க, "பாவம்ங்க"ம்பாங்க. நான் குளிக்கப் போனா கதவுக்கு வெளிய உட்கார்ந்து ஒப்பாரி. நான் தண்ணியில போயிட்டேன்னு நெனைப்பா போல. வெளிய வந்ததும் என் ஈரக்காலை நக்கி, ரெண்டு தரம் தலையால முட்டி, அப்பறம்தான் போவா.

அந்த ஒப்பாரி ஒரு நாள் நின்னு போச்சுங்க. குளிச்சுட்டு வெளிய வந்தா கதவுகிட்ட ஆளில்ல. பீரோவுக்குப் பின்னால, சுவத்துல முகத்தை வெச்சுக் குந்தியிருந்தா. தண்ணிக் கிண்ணம் மட்டும் காலியா இருந்துச்சு. அன்னிக்கே கூட்டிட்டுப் போனமுங்க. கிட்னி. மூணுல ரெண்டு பங்குக்கு மேல கெட்டாத்தான் வெளியவே தெரியுமாம், ரத்தத்துலயும் அப்பத்தான் கிரியாட்டினின்ங்கற கழிவு ஏறுமாம்.

அதுக்கப்பறம் வீட்லயே தோலுக்கு அடியில நீர் ஏத்துனமுங்க. சன்னல் கம்பியில பாட்டிலை மாட்டி, முன்னாடியே அதைச் சுடுதண்ணியில வெச்சு வெதுவெதுன்னு ஆக்கி எடுத்து, செல்லியை என் தொடைக்கு நடுவுல உட்கார வெச்சுக்குவேன். ரெண்டு தோள்பட்டைக்கு நடுவால தோலை விரல்ல தூக்கிப் பிடிச்சு ஊசியை உள்ள விடணும். உள்ள போறப்ப மெல்லிசா ஒரு தட்டு தெரியும் விரலுக்கு. நீர் எறங்க எறங்க அந்த எடம் வீங்கி, அப்பறம் மெதுவா முன்னங்கால் பக்கமா எறங்கும். கொஞ்ச நேரத்துல உடம்பு இழுத்துக்கும். செல்லி கத்தவே இல்லைங்க. ஊசி போடறதுக்கு எல்லாப் பூனையும் வீட்டை ரெண்டு பண்ணும். இவ அந்த பாட்டில்ல சொட்டு விழறதையே பார்த்துட்டு இருப்பா. எனக்கு அதுதான் தாங்கல. கடிச்சுக் கொதறியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்குமுங்க.

மாத்திரைக்கு மட்டும் பழைய செல்லி. கசப்புப் பட்டதும் வாயெல்லாம் நுரை தள்ளும், தலையை உதறுவா, நுரை என் மூக்குக் கண்ணாடி வரைக்கும் தெறிக்கும். அப்பறம் என்னை மொறைப்பா. அந்த மொறைப்புக்காகவே மாத்திரை நேரத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பேன்.

கடைசியில சாப்பாடு எறங்கல. எந்திரிச்சு மணல் தட்டுக்குப் போக முடியாம நடுவுலயே உட்கார்ந்துட்டு என்னைப் பார்த்தா. டாக்டர் வீட்டுக்கு வந்து ஊசி போட்டாருங்க. மொதல்ல தூங்கறதுக்கு, அப்பறம் இன்னொண்ணு. என் கையை நக்கிட்டேதான் தூங்குனா.

ஆபீசுல லீவு கேட்டேன். "பூனைக்கா?"ன்னு ஒருத்தர் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு இன்னும் நெஞ்சுல முள்ளா இருக்குதுங்க.

மயிலாப்பூர் ராகவன் | ஞாயிறு, மதியம் 3.00

ரேவதி, படிச்சுட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்க முடியலம்மா. சிரிச்சவாளை விடுங்கோ. கிறிஸ்து பிறக்கறதுக்கு சுமார் நாலரை நூற்றாண்டு முன்னாடி எகிப்துக்குப் போன ஹெரோடோட்டஸ்ங்கற கிரேக்க வரலாற்று ஆசிரியர் எழுதி வெச்சிருக்கார்: அங்க ஒரு ஆத்துல பூனை தானா செத்துப் போச்சுன்னா ஆத்துல உள்ள அத்தனை பேரும் புருவத்தை மழிச்சுப்பாளாம். தெருவுல பார்க்கறவாளுக்கு இவா துக்கத்துல இருக்கான்னு தெரியணுமே. நீங்க ஒரு நாள் லீவுதானே கேட்டேள்.

ஜானகி சேதி சொல்லணும். கண் பின்திரையில பாதிப்பு ஆரம்பிச்சிருக்காம். போனது திரும்பாது, இனிமே போகாம பார்த்துக்கலாம்னு சொன்னா. டாரின் எழுதிக் கொடுத்திருக்கா, தீவனமும் வந்தாச்சு. திண்ணையில தட்டை வெச்சதும் ஜானகி போட்ட சத்தத்துல பக்கத்தாத்து மாமி எட்டிப் பார்த்தா.

யாழ் நிலா | ஞாயிறு, மாலை 4.15

ரேவதி அக்கா, செல்லி குளியலறைக் கதவுக்கு வெளியில இருந்து அழுதது உங்களுக்காகத்தான். அவ்வளவு நேசம் கிடைச்ச ஆள் நீங்கள். ஏலுமெண்டா அவளின்ர ஒரு படம் போடுங்கோ. அந்தக் கிழிஞ்ச காதை நாங்களும் பார்க்கவேணும்.

வேலூர் ஷாலினி | ஞாயிறு, இரவு 7.30

டாக்டர் எழுதினதை வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். மறுபேச்சு இல்லாம எழுந்து போய் மணல் தட்டைக் கழுவினார். மாமியார் இன்னும் ஒத்துக்கல. ஆனா பிங்கி இப்போதைக்கு வீட்லதான். ரேவதி அக்கா, உங்க நம்பர் அனுப்புங்க. மாமியார்கிட்ட நீங்களே பேசுங்க, ப்ளீஸ்.

ஸ்ரீரங்கம் வித்யா | திங்கள், மாலை 5.10

ரேவதி அக்கா, பாண்டி, உங்க ரெண்டு பேராலதான் இன்னிக்கே அலமேலுவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனேன். கூடையில வைக்கிறப்போ நாலு காலையும் நாலு பக்கம் விரிச்சு வாசல்ல மாட்டிக்கிட்டா. ஆட்டோவுல போட்ட கூச்சல்ல சத்திரம் பஸ் ஸ்டாண்ட் சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. ஆட்டோ அண்ணன், "பச்சைக் குழந்தையாம்மா?"ன்னு கேட்டார். டாக்டர் மேஜையில வெச்சதும் சத்தமே இல்ல, என் கக்கத்துல தலையை நுழைச்சுக்கிட்டு நடுங்கினா. அந்த நடுக்கம் நிஜம். வீட்டுக்கு வர்ற வரைக்கும் நெஞ்சோட அணைச்சுட்டு வந்தேன்.

கிரியாட்டினின் சரியா இருக்கு. ஆனா போன வருஷத்தைவிட எடை கொஞ்சம் இறங்கியிருக்காம். தைராய்டு பார்க்கணும்னு இன்னொரு குழாய் ரத்தம் எடுத்திருக்காங்க, முடிவு வியாழக்கிழமை. சிறுநீரும் கொண்டு வரச் சொன்னாங்க. அவ மணல்ல தவிர வேற எங்கயும் போக மாட்டா. எப்படிப் பிடிக்கிறது டாக்டர்?

ஈரோடு கால்நடை டாக்டர் | திங்கள், இரவு 8.20

தட்டைக் கழுவிக் காயவைத்து, மணலுக்குப் பதில் மீன்தொட்டியில் போடும் சின்னக் கூழாங்கற்களைக் கழுவி மெல்லிசாகப் பரப்புங்கள். அவை ஈரத்தை உறிஞ்சாது. அவள் போய்விட்டு வந்ததும் தட்டைச் சாய்த்து சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்து, சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுங்கள். உடனே போக முடியாவிட்டால் பிரிட்ஜில் வையுங்கள்.

மடிப்பாக்கம் குமார் | திங்கள், இரவு 8.41

வித்யா மேடம், கூழாங்கல்லைப் பார்த்ததும் ஒரு பெரிய ஆர்ப்பாட்டம் நடக்கும், லட்டு நடத்தினான். விட்டுக் கொடுக்காதீங்க, ராத்திரிக்குள்ள போயிடுவா. வியாழக்கிழமை ரிசல்ட் வந்ததும் முதல்ல இங்க எழுதுங்க.